ஒரே கிண்ணத்தில் இரண்டு சத்தம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் பதினொரு பேருக்குச் சாப்பாடு. சாம்பார், பொரியல் எல்லாம் அம்மா பொறுப்பு. பிள்ளைகளுக்குப் பிடிக்குமே என்று கோஸும் நூடுல்ஸும் கலந்த சாலட் ஒன்றை நான் ஏற்றுக்கொண்டேன். வேலையைச் சீக்கிரம் முடித்துவிடும் ஆசையில் பதினொன்றரை மணிக்கே கோஸை அரிந்து, வேகாத நூடுல்ஸை நொறுக்கிப் போட்டு, வினிகரும் எண்ணெயும் சோயா சாஸும் ஊற்றிக் கலந்து, தட்டுப் போட்டு மூடி வைத்துவிட்டேன். எல்லோரும் வந்து உட்காரும்போது மணி ஒன்றரை.

மூடியைத் திறந்தேன். கிண்ணத்தின் அடியில் பழுப்பாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. மேலே குவியலாக இருந்த கோஸ் பாதியாக அமுங்கிப் போயிருந்தது. பத்து வயது மகள் ஒரு வாய் மென்றுவிட்டு, "அம்மா, சத்தமே வரல" என்றாள். அம்மா ஒரு கரண்டி எடுத்து இலையில் போட்டுக்கொண்டு, ருசி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கோஸ் வதங்கிப் போச்சு. நூடுல்ஸ் நமத்துப் போச்சுடி."

வதங்கியது ஒன்று, நமத்தது ஒன்று. அம்மா யோசித்துத் தேர்ந்த சொற்கள் இல்லை இவை. நம் வீடுகளில் அன்றாடம் புழங்குபவை. வெயிலில் கிடந்த கீரை வதங்கும், அது நமக்காது. மழைநாளில் திறந்து வைத்த முறுக்கு நமக்கும், அது வதங்காது. ஒன்று தண்ணீரை இழந்ததால் கெட்டது, மற்றொன்று தண்ணீர் சேர்ந்ததால் கெட்டது. அன்று என் கிண்ணத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்திருந்தன. கோஸ் இழந்த தண்ணீரைத்தான் நூடுல்ஸ் குடித்திருந்தது.

மொறுமொறுப்பு என்று நாம் சொல்லும் குணம் எங்கே இருக்கிறது, எப்படிப் போய்விடுகிறது என்பதை விளக்க இந்தச் சாலட்டைவிட நல்ல ஆய்வுக்கூடம் எனக்குத் தெரியாது. சீக்கிரமே செய்துவிடலாம், அடுப்பும் அதிகம் தேவையில்லை. ஆனால் அதற்குள் தாவரவியலும் இயற்பியலும் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன.

எங்கிருந்து வந்தது?

இது அமெரிக்க வீடுகளில் வளர்ந்த பண்டம். அங்கே தேவாலயக் கூடங்களிலும் அக்கம்பக்கத்தார் கூடும் இடங்களிலும் ஆளுக்கொரு பண்டம் செய்து கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடுவார்கள். பாட்லக் என்று பெயர். அந்த மேசைகளில் அடிக்கடி தென்படும் பெரிய கிண்ணம் இது: அரிந்த முட்டைக்கோஸ், வெங்காயத்தாள், வறுத்த பாதாம், எள் அல்லது சூரியகாந்தி விதை, அவற்றோடு நீரில் போடாமல் அப்படியே நொறுக்கிய ராமென் நூடுல்ஸ். மேலே எண்ணெய், வினிகர், சர்க்கரை சேர்ந்த கலவை. ஆஸ்திரேலியாவிலும் இதே சாலட் உண்டு. அங்கே நூடுல்ஸைப் பொரித்தே பாக்கெட்டில் விற்கிறார்கள்.

வேகாத நூடுல்ஸை எப்படிச் சாப்பிடுவது என்று தயங்குபவர்கள், நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டை வெளியிலிருந்தே நசுக்கி, மசாலாவைத் தூவிக் குலுக்கி, கைநிறைய அள்ளித் தின்பார்கள். அவர்கள் செய்வதில் தவறில்லை. உடனடி நூடுல்ஸ் பெயருக்குத்தான் வேகாதது. தொழிற்சாலையிலேயே அது ஒருமுறை ஆவியில் வெந்து, ஒருமுறை எண்ணெயில் பொரிந்துவிட்டது. அதன் கதைக்குப் பிறகு வருவோம். முதலில் கோஸைப் பார்ப்போம்.

காற்றடைத்த டயர் போல ஓர் இலை

நல்ல கோஸைக் கையில் எடுத்தால் கல் மாதிரி கனக்கும். கத்தி இறங்கும்போது கரகரவென்று சத்தம் வரும். இவ்வளவு விறைப்பான பொருளில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 92 கிராம் வெறும் தண்ணீர். பாலில் இருக்கும் தண்ணீரைவிட இது அதிகம். பால் ஓடுகிறது, கோஸ் நிமிர்ந்து நிற்கிறது. வித்தியாசம் எங்கே?

தண்ணீர் அடைபட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. கோஸ் இலை கோடிக்கணக்கான செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லின் நடுவிலும் பெரிய நீர்ப்பை. அதைச் சுற்றி மெல்லிய சவ்வு. சவ்வுக்கு வெளியே செல்லுலோஸ் நார்களால் பின்னிய கெட்டியான சுவர். நீர்ப்பைக்குள் சர்க்கரைகளும் தாது உப்புகளும் கரைந்திருப்பதால் அது வெளியிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் சேரச் சேர நீர்ப்பை உப்பிச் சுவரை நெருக்கும். சுவர் விட்டுக்கொடுக்காமல் திருப்பி அழுத்தும். சைக்கிள் டயருக்குள் ட்யூப் செய்கிற வேலையும் இதேதான். இந்த நெருக்கத்தைத் தாவரவியலில் விறைப்பழுத்தம் என்கிறார்கள்.

இந்த அழுத்தம் எவ்வளவு? கார் டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தம், வெளியே உள்ள வளிமண்டல அழுத்தத்தைவிட ஏறக்குறைய 2 மடங்கு கூடுதல். விறைப்பாக இருக்கும் இலைச் செல்லுக்குள் அது பொதுவாக 3 முதல் 10 மடங்கு வரை இருக்கும். கண்ணுக்குத் தெரியாத டயர்கள் கோடிக்கணக்கில் அடுக்கி, பெக்டின் என்னும் பசையால் ஒட்டிவைத்த சுவர்தான் ஒரு கோஸ் இலை. பல் பட்டதும் செல்கள் வரிசையாக வெடிக்கின்றன. அடைபட்ட அழுத்தம் சட்டென்று விடுபடும் சத்தமே நமக்கு 'நறுக்' என்று கேட்கிறது.

இரண்டு நாள் குளிர்பெட்டியில் கிடந்து துவண்ட கோஸை மீட்க முடிவதும் இதனால்தான். அரிந்து, ஐஸ் தண்ணீரில் இருபது நிமிடம் போட்டு வையுங்கள். வெளியே உள்ள தண்ணீரில் கரைபொருள் எதுவும் இல்லை, உள்ளே இருக்கிறது. எனவே தண்ணீர் சவ்வைக் கடந்து செல்லுக்குள் நுழையும். துவண்ட இழைகள் கண்ணெதிரே சுருண்டு நிமிரும். ட்யூபுக்குக் காற்றடித்தது போலத்தான். செல்கள் உயிரோடு, சவ்வு கிழியாமல் இருக்கும்வரை மட்டுமே இது நடக்கும். சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூடு பட்டாலே சவ்வு குலைந்துவிடும். பொரியலுக்குப் போட்ட கோஸை எந்த ஐஸ் தண்ணீராலும் மீட்க முடியாமல் போவது இந்தக் காரணத்தால்தான்.

அரியும்போது இன்னொன்றும் நடக்கிறது. நறுக்கிய கோஸை மூக்கருகே கொண்டுபோனால் லேசான கார நெடி வரும். கடுகுக்கும் கோஸுக்கும் தாவரவியலில் ஒரே குடும்பம். இரண்டிலும் குளுகோசினோலேட் என்னும் கந்தகச் சேர்மங்கள் ஓர் அறையிலும், அவற்றை உடைக்கும் மைரோசினேஸ் நொதி வேறோர் அறையிலும் தனித்தனியாக இருக்கும். கத்தி அறைகளை உடைத்ததும் இரண்டும் சேர்ந்து, கடுகு நெடிக்குக் காரணமான ஐசோதயோசயனேட்டுகள் பிறக்கின்றன. பூச்சிகளை விரட்டக் கோஸ் வைத்திருக்கும் ஆயுதம் நமக்குச் சுவையாகிறது.

கத்தி எத்தனை செல்களை உடைக்கிறது என்பது சாலட்டின் ஆயுளையும் தீர்மானிக்கும். 4 மில்லிமீட்டர் கனத்தில் அரிவதை 2 மில்லிமீட்டராகக் குறைத்தால் வெட்டுப்பரப்பு இரட்டிப்பாகும். வெட்டுப்பட்ட செல்கள் தங்கள் தண்ணீரை அப்போதே சிந்திவிடும். மழுங்கிய கத்தி வெட்டுவதற்குப் பதில் நசுக்குவதால் பக்கத்துச் செல்களையும் கூடவே கெடுக்கும். கூர்மையான கத்தியும் 3 மில்லிமீட்டர் அளவும் எனக்குச் சரியாக வருகின்றன.

உப்பு இழுக்கும் தண்ணீர்

வெள்ளரிக்காய்ப் பச்சடியை முன்கூட்டியே உப்புப் போட்டு வைத்தால் தயிர் நீர்த்துப் போவதை எல்லோரும் பார்த்திருப்போம். கோஸ் பொரியலுக்கு உப்பைத் தூவி மூடி வைத்தால் தண்ணீரே தெளிக்க வேண்டாம், காயே நீர் விடும் என்பதும் நாம் அறிந்ததே. சாலட்டிலும் அதே உப்புதான் வேலை செய்கிறது.

1748இல் பிரான்ஸைச் சேர்ந்த ஜான் அந்துவான் நொலே என்ற இயற்பியலாளர், ஒரு கலத்தில் சாராயத்தை ஊற்றி, வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலால் இறுகக் கட்டி, தண்ணீருக்குள் மூழ்க வைத்தார். சில மணி நேரத்தில் தோல் பலூன் போல வெளியே உப்பிவிட்டது. ஊசியால் குத்தியதும் உள்ளிருந்த திரவம் பீய்ச்சி அடித்தது. தோல் தண்ணீரை எளிதாக உள்ளே விட்டது, சாராயத்தை வெளியே விடத் தயங்கியது. சவ்வூடு பரவல் என்று இன்று நாம் படிப்பதைப் பற்றிய முதல் பதிவுகளில் ஒன்று இது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, இந்த அழுத்தத்துக்குக் கணக்கு எழுதிக் காட்டியவர்களில் முதன்மையான வான்ட் ஹாஃபுக்கு 1901இல் வேதியியலின் முதல் நோபல் பரிசு கிடைத்தது.

கோஸ் இழையின் மேல் சோயா சாஸ் படும்போது நொலேயின் சோதனை தலைகீழாக நடக்கிறது. இப்போது கரைபொருள் வெளியே அதிகம், உள்ளே குறைவு. தண்ணீர் செல்லை விட்டு வெளியேறுகிறது. நீர்ப்பை சுருங்குகிறது, சவ்வு சுவரை விட்டு விலகுகிறது, டயர் காற்றிறங்குகிறது. அம்மா சொன்ன 'வதங்கல்' இதுதான்.

சர்க்கரையும் தண்ணீரை இழுக்கும், ஆனால் உப்பளவுக்கு இல்லை. இந்த இழுவிசைக்குப் பொருளின் எடை கணக்கில்லை, கரைந்திருக்கும் துகள்களின் எண்ணிக்கைதான் கணக்கு. உப்பின் மூலக்கூறு எடை 58.5. நீரில் அது சோடியம், குளோரைடு என இரண்டாகப் பிரியும். சர்க்கரையின் மூலக்கூறு எடை 342. அது பிரிவதில்லை. வகுத்துப் பார்த்தால் ஒரு கிராம் உப்பு தரும் துகள்கள், ஒரு கிராம் சர்க்கரை தருவதைப் போல ஏறத்தாழ 12 மடங்கு.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அரிந்த கோஸை மூன்று தட்டுகளில் ஒரே அளவு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அரை டீஸ்பூன் உப்பு, ஒன்றில் அரை டீஸ்பூன் சர்க்கரை, ஒன்றில் எதுவும் வேண்டாம். கால் மணி கழித்து மூன்று தட்டையும் சாய்த்துப் பாருங்கள். என் மகள் இதைச் செய்தபோது உப்புத் தட்டிலிருந்து ஒழுகிய தண்ணீரைக் கரண்டியில் பிடித்தாள். சர்க்கரைத் தட்டில் கோஸ் பளபளத்து ஈரமாக இருந்தது. மூன்றாவது தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. இழைகளை ஒவ்வொன்றாகக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு எது எந்தத் தட்டு என்று சத்தத்தை வைத்தே சொன்னாள்.

நூடுல்ஸுக்குள் இருக்கும் கண்ணாடி

உடனடி நூடுல்ஸைக் கண்டுபிடித்தவர் மொமோஃபுகு ஆண்டோ. 1910இல் தைவானில் பிறந்து ஜப்பானில் வாழ்ந்தவர். போருக்குப் பிந்தைய ஜப்பானில் மக்கள் ராமென் கடைகளின் முன்னால் குளிரில் வரிசையில் நின்ற காட்சி அவர் மனதை விட்டு அகலவில்லை. ஒசாகா மாகாணத்தின் இகெடா நகரில் தன் வீட்டுக் கொல்லைப்புறக் கொட்டகையில், கெடாமல் இருக்கும், வெந்நீர் ஊற்றினால் உடனே தயாராகும் நூடுல்ஸுக்காக முயன்றுகொண்டிருந்தார். நூடுல்ஸை எப்படி உலர்த்துவது என்பதே சிக்கல். மனைவி டெம்புரா பொரிப்பதைப் பார்த்தபோது விடை கிடைத்தது என்று அந்தக் கதையைச் சொல்வார்கள். 1958 ஆகஸ்ட் 25 அன்று சிக்கன் ராமென் கடைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 48. இன்று உலகம் ஆண்டுக்கு 10,000 கோடிக்கும் அதிகமான பாக்கெட்டுகளைச் சாப்பிடுகிறது.

பொரிப்பது எப்படி உலர்த்துவதாகும்? அப்பளம் எண்ணெயில் விழுந்ததும் கொப்பளிப்பதைக் கவனியுங்கள். அந்தக் குமிழிகள் எண்ணெயுடையவை இல்லை, அப்பளத்திலிருந்து ஓடி வெளியேறும் நீராவி. ஆவியில் வெந்த நூடுல்ஸை 140 முதல் 160 டிகிரி எண்ணெயில் ஓரிரு நிமிடம் பொரிக்கும்போதும் இதே கதைதான். ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 மில்லிலிட்டர் இடம் கேட்கும். அந்த ஆவி மாவைத் துளைத்துக்கொண்டு வெளியேறியதும் இழை முழுக்க நுண்ணிய துளைகள் மிஞ்சுகின்றன. நீர் போன இடத்தில் கொஞ்சம் எண்ணெய் வந்து உட்காருகிறது. பொரித்த நூடுல்ஸின் எடையில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய்தான். தண்ணீரோ பொதுவாக 5 சதவீத அளவுக்கு வந்துவிடுகிறது.

இப்படி உலர்ந்த மாவுச்சத்து விசித்திரமான நிலையை அடைகிறது. இயற்பியலில் அதைக் கண்ணாடி நிலை என்கிறார்கள். ஜன்னல் கண்ணாடியில் மூலக்கூறுகள் ஒழுங்கான அடுக்கில் இல்லை, கலைந்து கிடந்தபடியே உறைந்துவிட்டன. உலர்ந்த நூடுல்ஸிலும் மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகள் சிக்கலாகப் பின்னிக் கிடந்து, அசைய முடியாமல் இறுகியிருக்கின்றன. அழுத்தினால் வளையாது, நீளாது, படாரென்று உடையும். சின்னச் சின்னக் காற்றறைகளைச் சுற்றியுள்ள இந்தக் கண்ணாடிச் சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைவதே 'மொறுமொறு'. முறுக்கும் அப்பளமும் கடலைமாவு ஓமப்பொடியும் இதே கண்ணாடிக் குடும்பம்தான்.

இந்தக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும்? மிகச் சிறிய நீர் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு நடுவே நுழைந்து, ஒன்றையொன்று பிடித்திருந்த பிடியைத் தளர்த்திவிடும். இறுகிக் கிடந்த சங்கிலிகள் நழுவத் தொடங்கும். கண்ணாடி, ரப்பராகும். பல் பட்டால் உடைவதற்குப் பதில் வளையும், இழுக்கும். இதுதான் நமத்தல். முறுக்கை டப்பாவில் போட்டு இறுக மூடுவது காற்றின் ஈரம் இந்தச் சங்கிலிகளை எட்டாமல் தடுக்கத்தான். நமத்த முறுக்கை மீண்டும் சூடு காட்டி எடுத்தால் மொறுமொறுப்பு திரும்புவதும், புகுந்த நீர் வெளியேறிச் சங்கிலிகள் மறுபடி இறுகிக்கொள்வதால்தான்.

ஒரு டீஸ்பூன் கணக்கு

உணவில் உள்ள நீர் எவ்வளவு சுதந்திரமாக நடமாட முடியும் என்பதை நீர்ச்செயல்பாடு என்ற அளவால் குறிப்பார்கள். தூய தண்ணீருக்கு அது 1. கோஸுக்கு 0.99க்கு அருகில். சிப்ஸ், பொரி, பிஸ்கட் போன்றவை 0.35 முதல் 0.5 வரையிலான எல்லையைத் தாண்டும்போது மொறுமொறுப்பை இழக்கத் தொடங்குகின்றன. உயரமான தொட்டியிலிருந்து தாழ்ந்த தொட்டிக்குத் தண்ணீர் ஓடுவது போல, ஒரு கிண்ணத்துக்குள் இருக்கும் ஈரமும் 0.99இலிருந்து கீழ் நோக்கியே ஓடும். நூடுல்ஸின் நுண்துளைகள் அதை உறிஞ்சும் திரிபோல வேலை செய்யும். இருவரையும் ஒரே கிண்ணத்தில் விட்டால் முடிவு இன்னதென்று தொடக்கத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. எவ்வளவு நேரத்தில் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. 80 கிராம் நூடுல்ஸ் கட்டியில் 5 சதவீதம் நீர் என்றால் 4 கிராம். அது 10 சதவீதமாக உயர்ந்து நமக்கத் தொடங்குவதற்கு இன்னும் 4.4 கிராம் தண்ணீர் போதும். ஒரு டீஸ்பூன் 5 மில்லிலிட்டர். அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவான தண்ணீர் பரவலாகச் சேர்ந்தால் ஒரு பாக்கெட் முழுவதும் போய்விடும்.

அதே கிண்ணத்தில் 400 கிராம் கோஸ் இருக்கிறது என்று வையுங்கள். அதற்குள் 368 கிராம் தண்ணீர். நூடுல்ஸைக் கெடுக்கக் கோஸ் தன் நீரில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் விட்டால் போதும். கோஸை நாம் வாயில் போட்டால் அந்த இழப்பு தெரியவே தெரியாது. இப்போது அன்றைய என் சாலட்டுக்கு வாருங்கள். கிண்ணத்தின் அடியில் நான் பார்த்த தண்ணீர் சில மேசைக்கரண்டிகளாவது இருக்கும். நூடுல்ஸ் தோற்ற போட்டி அது.

காது தரும் சுவை

மகள் "சத்தமே வரல" என்றதை முதலில் நான் பொருட்படுத்தவில்லை. பிறகுதான் அவள் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறாள் என்று புரிந்தது.

2004இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ சாம்பினியும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆட்கள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மைக் முன்னால் உருளைக்கிழங்கு சிப்ஸைக் கடித்தார்கள். கடிக்கும் சத்தம் ஹெட்போன் வழியே அவர்கள் காதுக்கே திரும்பி வந்தது. ஆய்வாளர்கள் அந்தச் சத்தத்தை மட்டும் கூட்டியும் குறைத்தும் மாற்றினார்கள். சிப்ஸ் எல்லாம் ஒரே தரம்தான். ஆனாலும் சத்தத்தைக் கூட்டியபோதும், குறிப்பாகக் கீச்சென்ற உயர் அதிர்வெண்களை உயர்த்தியபோதும், சிப்ஸ் கூடுதல் மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் இருப்பதாகச் சொன்னார்கள். முதலில் சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு 2008இல் இதற்குக் கிடைத்தது.

மொறுமொறுப்பு நாக்கில் படும் சுவை இல்லை. பல்லில் உணரும் அதிர்வும், தாடை எலும்பு வழியாகவும் காற்று வழியாகவும் காதை அடையும் ஒலியும் சேர்ந்து மூளை கட்டும் ஒன்று. நம் மொழி இதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. மொறுமொறு, கரகர, நறநற, நறுக் என்று நாம் சொல்லும் எல்லாமே ஒலிக்குறிப்புகள். உப்புக்கும் புளிப்புக்கும் தமிழ் பெயர் வைத்தது, மொறுமொறுப்புக்கு அதன் சத்தத்தையே பெயராக எடுத்துக்கொண்டது.

இந்தச் சாலட் பிள்ளைகளுக்குப் பிடிப்பதற்கும் காரணம் இதில் இருக்கிறது. தண்ணீர் நிறைந்த செல் வெடிக்கும் 'நறுக்'கும், தண்ணீரற்ற கண்ணாடிச் சுவர் உடையும் 'மொறுமொறு'வும் ஒரே கவளத்தில் மாறி மாறிக் கேட்கின்றன. ஒன்றில் மூழ்கிக் காது சலிக்கும் முன்பு மற்றொன்று வந்துவிடுகிறது.

செய்யும் முறை

இனி, அறிந்ததையெல்லாம் வேலைக்குக் கொண்டுவருவோம். நான்கைந்து பேருக்கு: அரை கோஸ், அதாவது 400 கிராம். ஒரு கேரட். நான்கு வெங்காயத்தாள். 80 கிராம் நூடுல்ஸ் ஒரு பாக்கெட். ஒரு கைப்பிடி பாதாம் அல்லது வேர்க்கடலை. ஒரு மேசைக்கரண்டி எள். கலவைக்கு நான்கு மேசைக்கரண்டி எண்ணெய், மூன்று மேசைக்கரண்டி வினிகர், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், கொஞ்சம் மிளகுத்தூள், கால் டீஸ்பூன் அரைத்த கடுகு.

கோஸின் வெளி இலைகளை நீக்கிக் கழுவி, 3 மில்லிமீட்டர் அளவில் அரிந்து, ஐஸ் தண்ணீரில் இருபது நிமிடம் போடுங்கள். வடித்தபின் சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். இந்த வேலையைத் தாண்டிப் போகாதீர்கள். இழைகளின் மேல் ஒட்டியிருக்கும் தண்ணீர் ஒரு டீஸ்பூனுக்கும் மேல் இருக்கும், நூடுல்ஸைக் கெடுக்க அதுவே போதும்.

நொறுக்கிய நூடுல்ஸையும் பருப்பையும் எண்ணெயில்லாத வாணலியில் சிறு தீயில் நான்கைந்து நிமிடம் புரட்டுங்கள். பாக்கெட்டிலேயே கொஞ்சம் நமத்திருந்தால் அந்த ஈரமும் போய்விடும். மாவிலும் பருப்பிலும் உள்ள புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பொன்னிறமும் வறுத்த மணமும் எழும். 1912இல் இந்த வினையை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் மயாரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. எள்ளைக் கடைசி நிமிடத்தில் சேருங்கள். எல்லாம் நன்றாக ஆறியபிறகே டப்பாவில் மூட வேண்டும். சூடாக மூடினால் ஆவி மூடியில் பட்டு நீர்த்துளியாக மீண்டும் உள்ளேயே விழும்.

கலவையை மூடியிட்ட பாட்டிலில் ஊற்றிக் குலுக்குங்கள். எண்ணெயும் வினிகரும் தாமாகச் சேராது. கடுகின் மேல்தோலில் உள்ள கொழகொழப்பான பொருள் எண்ணெய்த் துளிகளைச் சூழ்ந்துகொண்டு அவை ஒன்றோடொன்று கூடிப் பிரிவதைத் தாமதப்படுத்தும். உப்பைத் தனியாகப் போட வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே 2 கிராமுக்கு மேல் உப்பு உண்டு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நூடுல்ஸ் பாக்கெட்டில் வரும் மசாலாவையும் பாதிக்கு மேல் போடாமல் இருந்தால் உடம்புக்கும் நல்லது, கோஸும் அவ்வளவு சீக்கிரம் நீர் விடாது.

ஊதா கோஸ் கிடைத்தால் கொஞ்சம் சேருங்கள். அதில் உள்ள அந்தோசயனின் நிறமி வினிகரின் புளிப்பில் சிவந்து, கிண்ணம் முழுக்க இளஞ்சிவப்பு பரவும். பச்சைக் கோஸில் 100 கிராமுக்கு சுமார் 36 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. தண்ணீரில் வேகவைத்தால் இதில் கணிசமான பகுதி கரைந்தும் சிதைந்தும் போகும். பச்சையாகத் தின்பதால் அது பெரும்பாலும் நமக்கே கிடைக்கிறது.

வெளியூர்ப் பயணத்துக்கோ அலுவலக டப்பாவுக்கோ முன்கூட்டிச் செய்தே ஆக வேண்டுமானால் எதிர் வழியொன்று உண்டு. கோஸில் உப்பைப் பிசிறி ஒரு மணி நேரம் வைத்து, நீர் விட்டதும் கழுவி, பிழிந்து, துடைத்துவிடுங்கள். விறைப்பழுத்தம் போய்விடும், ஆனால் செல்சுவர்களும் பெக்டின் பசையும் அப்படியே இருப்பதால் கோஸ் குழையாது, ஊறுகாய்த் துண்டு போல மென்மையாக நறுக்கென்றிருக்கும். விட வேண்டிய தண்ணீரை முதலிலேயே விட்டுவிட்டதால் பிறகு கிண்ணம் நீர்த்துப் போகாது. நூடுல்ஸை மட்டும் தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள்.

கடைசியில் பொரிக்கும் அப்பளம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் செய்தேன். இந்த முறை கோஸ் ஒரு கிண்ணத்தில், நூடுல்ஸ் டப்பாவில், கலவை பாட்டிலில். மூன்றும் தனித்தனியே காத்திருந்தன. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வாணலியில் எண்ணெயைக் காயவைத்துவிட்டு, அப்பளக் கட்டைப் பிரிக்காமல் கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்ன வயதிலிருந்து இந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறேன். சாம்பார், கூட்டு, ரசம் எல்லாம் முன்பே ஆகிவிடும். அப்பளம் மட்டும் இலை போட்டு, எல்லோரும் உட்கார்ந்து, சோறு விழுந்தபிறகே எண்ணெயில் இறங்கும். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. அது அம்மாவின் வழக்கம் என்று மட்டும் நினைத்திருந்தேன். கண்ணாடி நிலையும் நீர்ச்செயல்பாடும் பற்றி ஒரு வாரம் படித்துவிட்டு வந்து நின்றபோது, அந்த அறிவு முழுவதும் எண்ணெய் காயும் அந்த வாணலியின் முன்னால் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. அப்பளம் பொரிந்தது முதல் சோற்றின் ஆவியும் சாம்பாரின் ஈரமும் அதைத் தேடி வரத் தொடங்கிவிடும் என்பது அம்மாவுக்குத் தெரியும். அதனால் மொறுமொறுப்பை அவள் சமைத்து வைப்பதில்லை. ஆட்கள் உட்கார்ந்ததும் நேரே இலைக்கு அனுப்புகிறாள்.

"எல்லாரும் உக்காந்தாச்சா?" என்று அம்மா உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். "உக்காந்தாச்சு பாட்டி!" என்றாள் மகள். முதல் அப்பளம் எண்ணெயில் விழுந்து படபடத்தது. அதே நேரத்தில் நான் பாட்டிலைக் குலுக்கிக் கோஸின் மேல் ஊற்றி, நூடுல்ஸைக் கொட்டி, இரண்டு கரண்டியால் மூன்று முறை புரட்டி, கிண்ணத்தை நடுக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தேன். அதன்பின் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. மெல்லும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.